"தண்ணீர் மட்டும் நன்றாகக் குடிக்கிறாள்"

கேள்வி: வணக்கம் டாக்டர். புளியரையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் செல்லிக்கு 11 வயது. ராஜபாளையமும் நாட்டு நாயும் கலந்தவள், 20 கிலோ இருப்பாள். ஐந்து நாளாகச் சோற்றைத் தொடவில்லை. கறிக்குழம்பு ஊற்றினாலும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். முந்தாநாள் ஒரு தடவை மஞ்சளாக வாந்தி எடுத்தாள். தண்ணீர் மட்டும் நன்றாகக் குடிக்கிறாள், அதனால் பெரிதாகப் பயப்படவில்லை. ராத்திரி வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விடுவதால் என் வீட்டுக்காரர் படுக்கப்போகும்போது தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறார். எலும்பு மாட்டியிருக்குமோ என்று வாய்க்குள் கைவிட்டும் பார்த்தார், ஒன்றும் இல்லை. மெடிக்கலில் கேட்டுப் பாரசிட்டமால் பாதி மாத்திரை கொடுத்தோம். குடும்பக் கட்டுப்பாடு செய்யவில்லை. ஆனிக் கடைசியில் பருவத்துக்கு வந்திருந்தாள். வெறிநாய் ஊசி போட்டு இரண்டு வருடம் ஆகிவிட்டது. "வயசாச்சு, அன்ன ஆகாரத்த விட்டுட்டா போற நேரந்தான், தொந்தரவு பண்ணாதீங்க" என்கிறார் என் மாமியார். புனலூரில் இருக்கும் மகன் அங்கே கொண்டுவரச் சொல்கிறான். இந்த வயதில் அலைக்கழிக்க வேண்டுமா? கஷ்டப்படாமல் போக ஊசி உண்டா என்றும் அத்தை கேட்கச் சொன்னார்.

பதில்:

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் மத்தியானம் வந்தது. கிளினிக்கை மூடிவிட்டு ராத்திரியே எழுதுகிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்லியை நாளைக் காலையே ஸ்கேன் வசதி இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பதை இன்று ராத்திரியே நிறுத்துங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

சோறு தொடவில்லை என்பதைப் படிக்கும்போது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. என்னிடம் வருகிற வயசான நாய்களில் பாதிக்கு மேல் அந்தப் புகாரோடுதான் வருகின்றன. ஆறுதலுக்காக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, தண்ணீர் மட்டும் நன்றாகக் குடிக்கிறாள் என்று, அதைப் படித்ததும்தான் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். வீட்டில் பெரியவர்கள் படுத்துக்கிடந்தால் "தண்ணியாவது இறங்குதே" என்று மனசைத் தேற்றிக்கொள்வோம். அதே நினைப்பில் எழுதியிருக்கிறீர்கள். கருப்பை எடுக்காத ஒரு வயசான பெண் நாய், பருவம் முடிந்து ஆறேழு வாரம் ஆன நிலையில், சோற்றை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் மொண்டு மொண்டு குடித்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நன்றாகக் குடிப்பது என்றால் எவ்வளவு? 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். சோற்றோடு உள்ளே போகிற தண்ணீர் இப்போது இல்லை என்பதால் அந்த அளவுக்குக் கூடுதலாகக் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் கிலோவுக்கு 100 மில்லி என்கிற கணக்கைத் தாண்டினால், செல்லிக்கு அது 2 லிட்டர், அதை நோயின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து ஊற்றிப் பாருங்கள், ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். நீங்கள் அளக்காவிட்டாலும் எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. 11 வருஷம் வாசலுக்குப் போய்வந்த நாய், வெயிலே தலைகாட்டாத சாரல் நாளில், ராத்திரி அடக்க முடியாமல் வீட்டுக்குள் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் நினைப்பது புரிகிறது. நிறையக் குடிக்கிறாள், அதனால் நிறையப் போகிறாள், குடிப்பதைக் குறைத்தால் போவதும் குறையும். பார்த்தால் சரியான கணக்குதான். ஆனால் இந்த மாதிரி நோய்களில் நடப்பது தலைகீழ். சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடிவதில்லை. ஓட்டைக் குடம் மாதிரி ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாய் ஓயாமல் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டாலும் ஒழுகுவது நிற்காது, உடம்புதான் வற்றும். ஏற்கெனவே தள்ளாடுகிற சிறுநீரகம் அதில் இன்னும் அடிபடும். பாய் நனைந்தால் நனையட்டும் அம்மா, பழைய சாக்கு நாலு போட்டு வையுங்கள்.

நான் சந்தேகப்படுவது கருப்பையில் சீழ் பிடித்திருக்குமோ என்றுதான். பயோமெட்ரா என்போம். புனலூரில் காட்டினால் "கர்ப்பபாத்திரத்தில் பழுப்பு" என்பார்கள். அங்கே மலையாளத்தில் பழுப்பு என்றால் சீழ். நம் ஊர்க்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, நிறம்தானே மாறியிருக்கிறது என்று நிம்மதியாகத் திரும்பி வந்த கதை உண்டு.

இது எப்படி வருகிறது? பெண் நாய்க்கு ஒவ்வொரு பருவம் முடிந்த பிறகும், சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் இரண்டு மாதம் போல உயர்ந்தே இருக்கும். வராத குட்டிக்குக் கருப்பை மெத்தை விரித்து வைக்கும். உள்சுவர் தடித்து நீர் சுரக்கும், வாய் மூடிக்கொள்ளும், கிருமியை விரட்டுகிற சக்தியும் அந்தச் சமயத்தில் மந்தமாகிவிடும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, பத்து வருஷம் இப்படியே நடந்தால் உள்சுவர் கெட்டுப்போகிறது. பருவ காலத்தில் உள்ளே ஏறிய ஈ கோலை என்கிற சாதாரணக் குடல் கிருமிக்கு அது வசதியான இடம். சீழ் சேர ஆரம்பிக்கும். அந்தக் கிருமியின் நஞ்சுதான் சிறுநீரகத்தைத் தண்ணீர் பிடிக்க விடாமல் செய்வது. பசி போவதும், மஞ்சள் வாந்தியும், சுருண்டு படுப்பதும் அதே நஞ்சால்தான். பெரும்பாலும் பருவம் முடிந்து நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் தலைகாட்டும். ஆனிக் கடைசியிலிருந்து எண்ணிப் பாருங்கள். அபூர்வ நோய் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்வீடனில் கருத்தடை செய்யாத பெண் நாய்களை வைத்து எடுத்த கணக்கில், 10 வயதுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இது வந்திருக்கிறது.

இன்று ராத்திரி ஒன்று பாருங்கள். வாலைத் தூக்கி, அடியில் ஈரமோ நாற்றமோ இருக்கிறதா, தொடை மயிர் ஒட்டிக் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். அவள் நக்கித் துடைத்திருப்பாள், அதனால் படுக்கும் சாக்கையும் பாருங்கள். காப்பி நிறத்திலோ ரத்தம் கலந்த சீழாகவோ கறை இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. கறையே இல்லை என்றால் நிம்மதி அடைய வேண்டாம். கருப்பை வாய் இறுக மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தேங்குகிற வகைதான் ரொம்ப மோசம். வயிறு உப்பினாற்போல இருந்தால் தயவுசெய்து அழுத்திப் பார்க்காதீர்கள். சீழ் நிறைந்த கருப்பை மெல்லிய பலூன் மாதிரி, உள்ளே கிழிந்தால் அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். உடம்பு சுடவில்லையே என்பதையும் கணக்கில் எடுக்காதீர்கள். நாய்க்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணச் சூடுதான். நஞ்சு முற்றிய நாய்க்குச் சூடு ஏறாமலும் இருக்கும், சில சமயம் இறங்கிக்கூடப் போகும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்தத் தப்பும் ஒரு காரணம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். மாடு, ஆடு, கோழி என்று காலையிலிருந்து கூட்டம். ஒரு பெரியவர் சைக்கிள் கேரியரில் பெட்டி கட்டி அதில் 9 வயசு நாயைக் கொண்டுவந்தார். சாப்பிடவில்லை என்றார். வாயைப் பார்த்தேன், சூட்டைப் பார்த்தேன், பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டு லிவர் டானிக் எழுதிக் கொடுத்து மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன். கிளம்பும்போது அவர் திரும்பி, "தண்ணி நல்லா குடிக்குது சார்" என்றார். நானும் "அப்ப நல்லதுதான்" என்றேன். மூன்றாம் நாள் சைக்கிள் மட்டும்தான் வந்தது. எப்போது பருவத்துக்கு வந்தது என்று அன்று நான் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு பெண் நாய் எந்த வியாதிக்கு வந்தாலும், காலில் முள் குத்தி வந்தால்கூட, அதைத்தான் முதலில் கேட்கிறேன்.

சரி, இது பயோமெட்ராதான் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தியம் செய்ய மாட்டேன். ஸ்கேனில் கருப்பை சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. அதிலும் இதே தாகம், இதே பசியின்மை, கூடவே வாயில் ஒரு மாதிரி நாற்றம் இருக்கும். அதை ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவின் அளவைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். சிறுநீரகம் முக்கால்வாசி கெட்ட பிறகுதான் அந்த அளவு ஏறும் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையும் முக்கியம். மலையடிவாரம், சாரல், உண்ணி எல்லாம் சேர்ந்த ஊர் உங்களுடையது. அதனால் உண்ணிக்காய்ச்சலையும் பார்த்தே ஆக வேண்டும். எர்லிக்கியா, பபீசியா என்கிற இரண்டும் நம் பக்கத்தில் சர்வசாதாரணம். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, காப்பி நிறச் சிறுநீர் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். வயலில் எலி ஓடுகிற காலம் என்பதால் எலிக்காய்ச்சலும் வரும், மலைக்கு அந்தப் பக்கம் எலிப்பனி என்பது இதைத்தான். அது மனிதருக்கும் தொற்றும். எது என்று தெரிகிறவரை அவள் ஒன்றுக்குப் போன இடத்தை வெறுங்கையால் துடைக்காமல், கையில் பாலித்தீன் பையாவது மாட்டிக்கொண்டு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். பல் சொத்தை, ஈறு வீக்கம், வயிற்றில் கட்டி என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் பல் வலிக்கிற நாய் ஆசையாகத் தட்டுக்கு வரும், கடிக்க முடியாமல் துப்பும். செல்லி மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள். அது வேறு.

வாய்க்குள் கைவிட்ட விஷயம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எலும்பு மாட்டிக்கொண்டது போல வாய் திறந்தபடி, தாடை தொங்கி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் நிற்கிற நாயின் வாயில் யாரும் கை விடக் கூடாது. வெறிநோயில் சத்தம் போட்டுக் கடிக்க வராத வகை ஒன்று உண்டு, அது பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். செல்லி ஐந்து நாளாகத் தண்ணீரை ஒழுங்காக விழுங்குகிறாள், அதனால் அவளுக்கு அது என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் தடுப்பூசி போட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் கையில் பல் பட்ட கீறல் ஏதாவது இருந்தால் இப்போதே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவச் சொல்லுங்கள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, ஊசி வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும். இதில் வெட்கப்படவோ தள்ளிப்போடவோ கூடாது.

அரை மாத்திரை பாரசிட்டமால் 20 கிலோ நாயைக் கொன்றுவிடாது, அதை நினைத்துக் கலங்காதீர்கள். இனி கொடுக்காதீர்கள், கொடுத்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள், அவ்வளவுதான். புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் பக்கமே போக வேண்டாம், அவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். "ஒரு ஊசி போட்டா சாயங்காலமே சாப்பிடும்" என்று யாராவது வந்தால் அவரையும் திருப்பி அனுப்புங்கள். அந்த ஊசி அநேகமாக ஸ்டீராய்டு. இரண்டு நாள் சாப்பிடும், உள்ளே சீழ் இருந்தால் அந்த இரண்டு நாளில் அது நன்றாக வளர்ந்திருக்கும். கஞ்சியை வாயைப் பிளந்து ஊற்றுவதும் வேண்டாம். வாந்தி வருகிற நாய்க்கு அது நுரையீரலில் இறங்கும்.

உங்கள் அத்தை சொல்வதில் அனுபவம் இருக்கிறது, நான் தட்டிப் பேசவில்லை. போகிற நாய் ஆகாரத்தை விடும், உண்மைதான். ஆனால் வயசு மட்டும் ஒரு நாயைத் திடீரென்று ஐந்து நாள் பட்டினி போடாது. வயசான நாய் மெதுவாகச் சாப்பிடும், கொஞ்சம் குறைத்துச் சாப்பிடும், பிடித்ததை மட்டும் பொறுக்கிச் சாப்பிடும். போன வாரம்வரை தட்டை நக்கியவள் இந்த வாரம் கறிக்குழம்புக்கே முகம் திருப்பினால் நடுவில் என்னமோ நடந்திருக்கிறது. அது தீர்க்கக் கூடியதாகவும் இருக்கலாம். இதை அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

புனலூரா, திருநெல்வேலியா? செங்கோட்டைச் சீமை 1956 வரை திருவிதாங்கூரில்தானே இருந்தது, உங்களுக்கு இரண்டு பக்கமும் சொந்த ஊர் மாதிரிதான். எந்தப் பக்கம் அதே நாளில் ஸ்கேனும், ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஆபரேஷனும் செய்வார்களோ அந்தப் பக்கம் போங்கள். புனலூர் 40 கிலோமீட்டர் சொச்சம், ஆனால் கோட்டைவாசல் வளைவுகளில் ஏறி இறங்க வேண்டும். திருநெல்வேலி 70 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும், சமதரை. அங்கே ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, எல்லாத் துறையும் ஒரே வளாகத்தில். மகனை விடிந்ததும் புனலூரில் விசாரிக்கச் சொல்லுங்கள். "11 வயது, கருத்தடை செய்யாத பெண் நாய், பயோமெட்ரா சந்தேகம், இன்றைக்கே ஸ்கேன் பார்க்க முடியுமா" என்று இந்த வார்த்தைகளிலேயே கேட்கட்டும். சும்மா நாய் சாப்பிடவில்லை என்று சொன்னால் நாளை மறுநாள் வரச் சொல்லிவிடுவார்கள். இரண்டு இடத்திலும் உடனே முடியாது என்றால் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கே முதலில் போங்கள். ஸ்கேன் இல்லாவிட்டாலும் அங்கே இருப்பவரும் முழுப் படிப்புப் படித்த கால்நடை மருத்துவர்தான். டிரிப் ஏற்றி, ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்து, எங்கே அனுப்பலாம் என்று அவரே பேசிச் சொல்லுவார்.

இந்த வயசில் ஆபரேஷன் தாங்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கே போனதும் அந்தக் கேள்வி வரும். பயோமெட்ரா என்று உறுதியானால் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவதுதான் முழு வைத்தியம். மருந்தால் சீழை வெளியேற்றுகிற முறை இருக்கிறது, அது இளம் நாய்க்கு, குட்டி வேண்டும் என்பவர்களுக்கு. செல்லிக்கு அது வேண்டாம். மயக்க மருந்தைத் தாங்குவதில் வயசைவிட அன்றைய உடல்நிலைதான் பெரிய விஷயம். சில மணி நேரம் டிரிப் ஏற்றி, நிலையாக்கிவிட்டுத்தான் மேஜையில் ஏற்றுவார்கள். நேரத்தோடு வந்த நாய்களில் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. 12, 13 வயசு நாய்கள் மறுநாளே வாலாட்டிக்கொண்டு கஞ்சி குடித்ததைப் பார்த்திருக்கிறேன். செலவை முன்கூட்டியே மனம்விட்டுக் கேளுங்கள், அதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

அந்த ஊசி. உண்டு. மயக்க மருந்தையே கூடுதலாகச் செலுத்துவது, நாய் தூங்கிப்போவது போலத்தான் இருக்கும். அத்தை கேட்டது தப்பான கேள்வியும் இல்லை. கட்டி பரவியிருந்தாலோ சிறுநீரகம் முழுக்கக் கைவிட்டிருந்தாலோ நானே அதைப் பற்றிப் பேச்சை எடுப்பேன். ஸ்கேன் பார்க்காமல் இன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியாது. நாளை மத்தியானம் கையில் ரிப்போர்ட் இருக்கும்போது அங்கே இருக்கிற டாக்டரிடம் கேளுங்கள்.

ராத்திரி ஒருமுறை எழுந்து பாருங்கள். ஈறு வெளிறிப் போயிருந்தாலோ, எழுந்து நிற்க முடியாமல் துவண்டாலோ, வாந்தி அடுத்தடுத்து வந்தாலோ விடியக் காத்திருக்க வேண்டாம், மகனை எழுப்பிவிடுங்கள். காலையில் அவளாகவே கேட்டாலும் சோறு வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். முதல் சிறுநீரைப் பழைய கரண்டியில் பிடித்து, கழுவிக் காயவைத்த பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதும் கையில் பை மாட்டிக்கொள்ளுங்கள். ஊசி போட்ட அட்டை, கறை பட்ட சாக்கின் போட்டோ, பருவத்துக்கு வந்த தேதி. வண்டியில் ஏற்றும்போது வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்காமல், போர்வையில் படுக்கவைத்து இரண்டு பேர் நாலு மூலையையும் பிடித்துத் தூக்குங்கள். தண்ணீர்க் கிண்ணமும் வண்டியில் கூடவே வரட்டும்.